நோயாளர் சங்கங்களும் செஞ்சோற்றுக் கடனும்

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவனைச் சில சொற்கள் பல நாள் விடாமல் தொடரும். சில காலத்துக்கு முன் என் மேசைக்கு வந்த ஆங்கிலக் குறிப்பு ஒன்றில், ஒரே நோயால் துன்புறுவோரும் அவர்தம் குடும்பத்தாரும் சேர்ந்து அமைத்துக்கொள்ளும் சங்கங்களைப் பற்றிய செய்தி இருந்தது. ‘நோயாளர் நலச் சங்கங்கள்’ என்று தமிழாக்கி மேலே அனுப்பினேன். தாள் திரும்பி வந்தது. “நலம் என்றால் போதாது. இவர்கள் நோயாளிக்காக வாதாடுகிறவர்கள். அந்தப் பொருள் விடுபட்டிருக்கிறது” என்று மேலதிகாரி ஓரத்தில் குறித்திருந்தார். அவர் சொன்னது சரியே. அச்சங்கங்களுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர், நாம் ‘அட்வகேட்’ என்கிறோமே, அச்சொல்லோடு உடன்பிறந்தது. இலத்தீன் மூலத்தில் அதற்குத் ‘துணைக்கு அழைக்கப்பட்டவர்’ என்பது பொருள். ஆகவே, ‘நோயாளருக்காகப் பரிந்து பேசும் சங்கங்கள்’ என்று திருத்தி எழுதினேன்.

பெயர் திருந்திவிட்டது. ஆனால் அதனோடு எழுந்த ஒரு கேள்வி என்னை விடவில்லை. நீதிமன்றத்தில் வாதாடுகிற வக்கீலுக்கு அவருடைய கட்சிக்காரர் பணம் கொடுக்கிறார். நோயாளிக்காக வாதாடும் சங்கத்துக்குப் பணம் கொடுப்பவர் யார்? அறை வாடகை, அச்சுக் கூலி, குமாஸ்தா சம்பளம், மாநாட்டுச் செலவு ஆகிய இவையெல்லாம் எங்கிருந்து வருகின்றன? பல நாடுகளில், பல நோய்களின் விஷயத்தில், அந்நோய்க்கு மருந்து செய்து விற்கும் கம்பெனிகளிடமிருந்தே வருகின்றன. இது தகுமா, தகாதா, தகுமெனில் எந்த அளவுக்குத் தகும் என்பதை வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வதே இப்பேச்சின் நோக்கமாகும்.

பரிந்து பேசுகிறவர் பொருள் பெறலாமா என்னும் வாதம் மிகப் பழையது. கி.மு. 204-ஆம் ஆண்டில் ரோமாபுரியில் சின்சியா சட்டம் என்னும் ஒரு சட்டம் பிறந்தது. வழக்கில் பிறருக்காகப் பேசுவோர் அதன்பொருட்டுப் பணமோ பரிசோ பெறலாகாது என்று அது விதித்தது. சட்டம் ஏட்டில் இருந்தது. பரிசுகளும் கைமாறிக்கொண்டே இருந்தன. இருநூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின், முழுத் தடை நடைமுறைக்கு ஒவ்வாது என்று கண்ட கிளாடியஸ் சக்கரவர்த்தி, பதினாயிரம் செஸ்டர்ஸ் நாணயங்களுக்கு மேல் பெறலாகாது என்று வரம்பு கட்டினார். முழுத் தடையா, வரம்புக்கு உட்பட்ட அனுமதியா என்ற அந்தப் பழைய வாதமே இன்று நோயாளர் சங்கங்களின் வாசலில் வந்து நிற்கிறது.

பெரிய கம்பெனிகளின் கைப்பணத்தை நம்பாமல் ஒரு நோயை எதிர்த்து மக்கள் திரண்ட வரலாற்றை முதலில் காண்போம். 1921-ஆம் ஆண்டில், தமது முப்பத்தொன்பதாம் வயதில், இளம்பிள்ளை வாதம் என்று மருத்துவர்கள் கண்ட ஒரு நோயால் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் கால்களின் வலிமையை இழந்தார். பின்னர் அவர் அமெரிக்கக் குடியரசின் தலைவரானார். அவருடைய முயற்சியால், அந்நோயை எதிர்ப்பதற்கென்றே ஒரு தேசிய நிறுவனம் 1938-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமைந்தது. அதற்கு நிதி திரட்ட எட்டி கேண்டர் என்னும் நகைச்சுவை நடிகர் வானொலியின் வாயிலாக ஒரு வேண்டுகோள் விடுத்தார். ‘டைம்’ எனப்படும் பத்து சென்டு நாணயம் ஒன்றை நேரே வெள்ளை மாளிகைக்குத் தபாலில் அனுப்புமாறு நாட்டு மக்களைக் கேட்டுக்கொண்டார். தபால் மூட்டைகள் வந்து குவிந்தன. எண்ணிப் பார்த்தபோது 26,80,000 நாணயங்கள் இருந்தன.

அதன்பின் பல ஆண்டுகள் அந்த நாணயங்கள் வந்துகொண்டேயிருந்தன. ஜோனாஸ் சால்க் என்னும் அறிஞரின் ஆராய்ச்சிக்கு உதவியது அந்த நிதிதான். 1954-இல் ஏறத்தாழ 18 லட்சம் குழந்தைகள் பங்கு கொண்ட சோதனையை நடத்தியதும் அதுவே. 1955 ஏப்ரல் 12 அன்று, தடுப்பூசி வெற்றி பெற்றது என்ற செய்தி மிச்சிகன் பல்கலைக்கழகத்திலிருந்து வெளிவந்தது. இதன் காப்புரிமை யாருடையது என்று அன்று தொலைக்காட்சியில் கேட்டதற்கு, அது மக்களுடையது என்று சால்க் விடையிறுத்தார். அந்த விடையின் பின்னால் இருந்த கணக்கை நாம் கவனிக்க வேண்டும். ஒரு டைம் அனுப்பிய தாய்க்கு அந்நிறுவனம் பட்ட கடன் என்ன? குழந்தைகளைக் காக்க வழி காணவேண்டும் என்பது ஒன்றுதான். கொடுத்தவரின் விருப்பமும் நோயாளியின் நன்மையும் அங்கே ஒன்றாக இருந்தன.

ஆனால் எல்லா நோய்களுக்கும் இப்படிப்பட்ட பேறு வாய்ப்பதில்லை. இளம்பிள்ளை வாதத்துக்கு ஒரு நாட்டின் தலைவரே சாட்சியாக இருந்தார். குழந்தை உள்ள ஒவ்வொரு வீட்டிலும் அதைப் பற்றிய அச்சம் இருந்தது. லட்சத்தில் ஒருவருக்கு வரும் நோய்க்கு யார் நாணயம் அனுப்புவார்? பெயரைச் சொல்லவே குடும்பத்தார் கூசும் மனநோய்க்கு எந்த நடிகர் வானொலியில் வேண்டுகோள் விடுப்பார்? அரசாங்கமும் கொடுக்காமல், ஊராரும் கொடுக்காமல் கைவிட்ட இடத்திலேதான் பெரும்பாலும் மருந்துக் கம்பெனியின் காசோலை வந்து சேர்கிறது. அதைப் பெற்றுக்கொண்டவர்களைக் குறை கூறுமுன் இதை நாம் நினைவில் வைத்தல் வேண்டும்.

கம்பெனியும் நோயாளியும் எதிரிகள் என்று சொல்வதற்கும் இல்லை. ஒரு நோய்க்குப் புதிய மருந்து வரவேண்டும், விரைவில் வரவேண்டும் என்பதில் இருவருக்கும் ஒரே நோக்கம். மருந்து நல்லதா, அதனால் தீங்கு உண்டா, அதன் விலை என்ன என்னும் கேள்விகள் எழும்போதுதான் இருவரும் எதிரெதிர்ப் பக்கங்களில் நிற்கிறார்கள். இந்தப் பிரிவு தெளிவாகத் தெரிந்த நிகழ்ச்சி எய்ட்ஸ் நோயின் தொடக்க காலத்தில் நடந்தது. 1987 மார்ச்சு மாதத்தில், பரோஸ் வெல்கம் கம்பெனி செய்த ஏ.இஸட்.டி. என்னும் மருந்துக்கு அமெரிக்க அரசு அனுமதி அளித்தது. அந்நோய்க்கு வந்த முதல் மருந்து அது. அதன் விலையோ ஓர் ஆண்டுக்கு ஏறத்தாழ 10,000 டாலர். மருந்து விரைவில் வரவேண்டும் என்று போராடிய அதே நோயாளிகள், இப்போது அதன் விலைக்கு எதிராகப் போராடினார்கள். 1989 செப்டம்பர் 14 அன்று அவர்களில் சிலர் நியூயார்க் பங்குச் சந்தையின் மாடத்தில் ஏறி, தம்மைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டு முழங்கினர். சில நாட்களில் கம்பெனி விலையை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தது. அந்த மாடத்தில் நின்றவர்களுடைய வாடகையைக் கம்பெனி கொடுத்திருந்தால் அவர்கள் அங்கே ஏறியிருப்பார்களா என்று எண்ணிப் பார்க்கலாம்.

இனி, கம்பெனிப் பணத்தைப் பெற்ற சங்கங்களின் வரலாற்றுக்கு வருவோம். அமெரிக்காவில் மனநோயாளர்களின் குடும்பத்தார் சேர்ந்து 1979-ஆம் ஆண்டில் ஒரு தேசியச் சங்கத்தை அமைத்தனர். தாயின் வளர்ப்பு சரியில்லாததால்தான் பிள்ளைக்கு மனநோய் வந்தது என்று பழிசுமத்தப்பட்டிருந்த காலத்தில், அச்சங்கம் அக்குடும்பங்களுக்குத் தலைநிமிர்ந்து நடக்கும் துணிவைத் தந்தது. அதன் பணி பெரிது. 2009-ஆம் ஆண்டில் செனட் சபை உறுப்பினர் சார்லஸ் கிராஸ்லி அதன் கணக்கைக் கேட்டார். 2006 முதல் 2008 வரையிலான மூன்று ஆண்டுகளில் மருந்துக் கம்பெனிகள் அதற்கு ஏறத்தாழ 2 கோடியே 30 லட்சம் டாலர் கொடுத்திருந்தன என்றும், சங்கம் பெற்ற நன்கொடையில் அது ஏறக்குறைய முக்கால் பங்கு என்றும் தெரியவந்தது. உறுப்பினர் பலருக்கே அதுவரை அது தெரியாது. அதன்பின் சங்கம் தனக்குக் கொடுத்தவர்களின் பட்டியலை வெளியிடத் தொடங்கியது.

இதைவிடத் துயரமானது அமெரிக்க வலி அறக்கட்டளையின் கதை. தீராத வலியால் துடிப்பவர்களை மருத்துவர்கள் பலகாலம் அலட்சியம் செய்து வந்தனர் என்பது உண்மை. அவர்களுக்காகப் பேச 1997-இல் அவ்வறக்கட்டளை தோன்றியது. 2010-ஆம் ஆண்டில் அதற்கு வந்த 50 லட்சம் டாலரில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு மருந்து, மருத்துவக் கருவிக் கம்பெனிகளிடமிருந்து வந்தது. அபினி இனத்தைச் சேர்ந்த வலி மருந்துகளைச் செய்வோர் அவர்களுள் இருந்தனர். அம்மருந்துகளால் அடிமைப் பழக்கம் ஏற்படும் அபாயத்தை அறக்கட்டளையின் கையேடுகள் குறைத்துக் காட்டின என்று பத்திரிகைகள் 2011-இல் எழுதின. 2012 மே மாதத்தில் செனட் சபையின் குழு ஒன்று விசாரணைக் கடிதம் அனுப்பியது. அறக்கட்டளை கலைக்கப்பட்டதாக அதே நாளில் செய்தி வந்தது. 1999 முதல் 2019 வரை அந்த மருந்தினங்களை அளவுமீறி உட்கொண்டு அந்நாட்டில் இறந்தோர், முறையான மருந்தாலும் கள்ளச் சரக்காலும் சேர்த்து, ஏறத்தாழ 5 லட்சம் பேர். இத்தனை சாவுக்கும் ஒரு சங்கம் பொறுப்பு என்று யாரும் சொல்ல மாட்டார். ஆயினும், ‘எச்சரிக்கையாக இருங்கள்’ என்று முதலில் சொல்லியிருக்க வேண்டியது வலியால் துன்புறுவோரின் நண்பர்களே அல்லவா?

அந்த ஒரு சங்கத்தோடு கதை முடியவில்லை. அதே மருந்தினத்தைச் செய்த ஐந்து கம்பெனிகள் 2012-க்கும் 2017-க்கும் இடையில் 14 சங்கங்களுக்கு ஏறத்தாழ 90 லட்சம் டாலர் கொடுத்திருந்தன என்று 2018 பிப்ரவரியில் செனட் உறுப்பினர் கிளேர் மெக்காஸ்கில் அறிக்கை வெளியிட்டார். அதற்கு முந்திய ஆண்டில், ஒரு புகழ்பெற்ற மருத்துவ சஞ்சிகை அமெரிக்காவின் பெரிய நோயாளர் சங்கங்கள் 104-ஐ ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டது. அவற்றுள் நூற்றுக்கு 83 சங்கங்களேனும் மருந்து முதலிய கம்பெனிகளிடம் பொருள் பெற்றிருந்தன. நூற்றுக்கு 39 சங்கங்களின் நிர்வாக சபையில், அக்கம்பெனிகளில் அதிகாரியாய் இருந்தவரோ இருப்பவரோ அமர்ந்திருந்தனர்.

இச்சங்கங்களில் இருப்பவர்கள் பொய்யர்களா? என் எண்ணம் அதுவன்று. கம்பெனிக்காரர் வந்து ‘இதைப் பேசு, அதைப் பேசாதே’ என்று கட்டளையிடுவதும் அரிதாகவே இருக்கும். அதற்குத் தேவையும் இல்லை. தமிழர்களாகிய நமக்கு இந்நிலையை விளக்க நீண்ட உரை வேண்டா. செஞ்சோற்றுக் கடன் என்ற ஒரு சொல்லே போதும். பாரதத்தில் கர்ணன் கோழையல்லன், பொய்யனும் அல்லன். அறம் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதும் அவனுக்குத் தெரியும். தெரிந்தும் அவன் துரியோதனன் பக்கத்தில் நின்றான். நன்றி மறவாமை நம்மிடையே பெரிய பண்பு. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்றுதான் நம் வீடுகளில் குழந்தைக்குச் சொல்லித் தருகிறோம். அந்த நற்பண்பே பரிந்து பேச வந்தவருடைய நாவைக் கட்டிவிடுகிறது என்பதுதான் இங்கே சிக்கல்.

இதை நான் என் குடும்பத்திலேயே கண்டேன். என் அத்தை ஒருவர் நெடுநாள் நோயாளி. ஒரு சங்கத்தின் வழியாக, கம்பெனியின் செலவில் அவருக்கு மருந்து கிடைத்து வந்தது. அச்சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்துக்கு ஒருமுறை நான் துணையாகப் போயிருந்தேன். புதிதாகச் சேர்ந்த ஓர் இளைஞர் எழுந்து, “சங்கத்தின் பட்டியலில் இடம் கிடைக்காதவர்கள் இந்த மருந்தை என்ன விலைக்கு வாங்குகிறார்கள்? அந்த விலையைக் குறைக்கச் சொல்லி நாம் எழுதலாமா?” என்று கேட்டார். தலைவர் புன்னகை செய்து, நேரமாகிவிட்டது என்று அடுத்த நிகழ்ச்சிக்குப் போய்விட்டார். திரும்பும் வழியில் அத்தையைக் கேட்டேன். “அந்தப் பிள்ளை கேட்டது நியாயந்தான். ஆனால் கொடுக்கிற கையை எப்படியப்பா கேள்வி கேட்பது?” என்றார். அவர் உயிரோடு இருந்தது அந்த மருந்தினால்தான். அவருக்கு மறுமொழி சொல்ல எனக்கு அன்று வாய் எழவில்லை.

இந்தியாவில் இதே கேள்வி நாட்டின் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போன ஒரு வழக்கோடு பிணைந்திருக்கிறது. ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்கு இமாட்டினிப் என்னும் மருந்து உண்டு. ஸ்விட்சர்லாந்து நாட்டு நோவார்ட்டிஸ் கம்பெனி அதைக் கிளிவெக் என்ற பெயரில் விற்றது. 2001 மே மாதத்தில் அமெரிக்க அரசு அதற்கு அனுமதி கொடுத்தது. சில ஆண்டுகளில் மரணம் என்று கருதப்பட்டிருந்த நோயை, தினமும் மாத்திரை உட்கொண்டு நெடுங்காலம் வாழக்கூடிய நோயாக மாற்றிய அருமருந்து அது. அம்மருந்தின் வருகையை விரைவுபடுத்தக் கோரி நோயாளிகளே கையொப்பம் திரட்டிக் கம்பெனிக்கு அனுப்பியதும் உண்டு. அதுவரை இருவரும் ஒரே பக்கம்.

பிறகு விலை வந்தது. கிளிவெக்கின் விலை இந்தியாவில் மாதத்துக்கு ஏறத்தாழ 1,20,000 ரூபாய். நம் நாட்டுக் கம்பெனிகள் செய்த அதே மருந்து மாதத்துக்கு 8,000 முதல் 10,000 ரூபாய்க்குக் கிடைத்தது. 1970-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் மருந்தைச் செய்யும் முறைக்கு மட்டுமே உரிமை தந்து, மருந்துப் பொருளுக்கு உரிமை தராதிருந்தமையால் இது இயன்றது. உலக வர்த்தக ஒப்பந்தத்தை ஒட்டி 2005-இல் அச்சட்டம் திருத்தப்பட்டு, பொருளுக்கும் காப்புரிமை வந்தது. ஆனால், அறிந்த ஒரு பொருளின் புதிய வடிவம், நோய் தீர்க்கும் ஆற்றலில் மேம்பட்டிருந்தாலொழிய, அதற்குத் தனிக் காப்புரிமை இல்லை என்று ஒரு பிரிவும் அதனோடு சேர்ந்தது.

நோவார்ட்டிஸ் தன் விண்ணப்பத்தை 1998-இலேயே சென்னையில் உள்ள காப்புரிமை அலுவலகத்தில் கொடுத்திருந்தது. 2003 நவம்பரில் அதற்குத் தனி விற்பனை உரிமை கிடைத்தது. அப்போது எதிர்த்து எழுந்தவர்களுள் ஒரு நோயாளர் சங்கமும் இருந்தது. 1969-இல் மும்பையில் தோன்றிய புற்றுநோயாளர் உதவிச் சங்கமே அது. காப்புரிமை தரலாகாது என்று அது சென்னை அலுவலகத்தில் எதிர்ப்பு மனு கொடுத்தது. 2006 ஜனவரியில் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. சட்டப் பிரிவே செல்லாது என்று கம்பெனி தொடுத்த வழக்கைச் சென்னை உயர்நீதிமன்றம் 2007 ஆகஸ்டில் தள்ளியது. மேல்முறையீட்டு வாரியம் 2009-இல் காப்புரிமையை மறுத்தது. கடைசியாக 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் கம்பெனியின் முறையீட்டைத் தள்ளிற்று. பத்து ஆண்டுகள் ஒரு நோயாளர் சங்கம், உலகின் பெரிய மருந்துக் கம்பெனிகளுள் ஒன்றின் எதிர்ப்பக்கத்தில் நின்றது.

இதே காலத்தில், இதே நோயாளிகளுக்காக, வேறொரு ஸ்தாபனமும் உழைத்து வந்தது. ரத்தப் புற்றுநோயால் மாண்ட ஓர் இளைஞனின் நினைவாக அவன் குடும்பத்தார் 1997-இல் அமெரிக்காவில் நிறுவிய மேக்ஸ் அறக்கட்டளை அது. கிளிவெக்கை இலவசமாக வழங்குவதற்கு நோவார்ட்டிஸ் வகுத்த திட்டத்தைப் பல நாடுகளில் நடத்தி வந்தது அதுவே. இந்தியாவில் அம்மருந்தை உட்கொள்வோரில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் அதை இலவசமாகவே பெறுகின்றனர் என்று கம்பெனி வழக்கு நடந்த நாட்களில் கூறியது. இலவச மருந்தால் உயிர் பிழைத்தோர் ஆயிரக்கணக்கானோர். அவர்கள் வீட்டு விளக்கு அணையாமல் காத்தது அத்திட்டம் என்பதை மறுப்பவர் மனச்சாட்சி இல்லாதவர்.

இரண்டும் நோயாளிக்கு உதவிய ஸ்தாபனங்களே. ஆனால் இரண்டின் உதவியும் ஒரே வகையானதன்று. இலவச மருந்து ஒரு கொடை. கொடுப்பவர் விரும்பும் வரை நிற்கும். யாருக்குக் கொடுப்பது என்பதை அவரே முடிவு செய்வார். மலிவான மருந்து கடையில் கிடைப்பதோ ஓர் உரிமையைப் போன்றது; யாரையும் கேட்க வேண்டியதில்லை. காப்புரிமை கொடுக்கலாமா என்று நாடு வாதிட்ட அந்நாட்களில், ‘கொடுக்கலாகாது’ என்று நோயாளியின் பெயரால் சொல்லக்கூடிய நிலையில் எது இருந்தது? கம்பெனியின் மருந்தைத் தன் கையால் பகிர்ந்து கொடுத்துக்கொண்டிருந்த ஸ்தாபனத்தால் அதைச் சொல்ல முடிந்திராது. அதைக் குற்றமாகவும் நான் கூறவில்லை. இருவகைப் பணியும் வேண்டும். ஆனால் கொடையைப் பகிர்பவரை ‘நோயாளிக்காகப் பரிந்து பேசுபவர்’ என்று அழைக்கலாகாது. அவர் தூதர், வாதாடுபவர் வேறு.

நியாயத்தின் பொருட்டு இன்னொன்றும் கூறவேண்டும். அந்த வழக்கில் நாட்கோ, சிப்லா முதலிய நம் நாட்டுக் கம்பெனிகளும் நோவார்ட்டிஸுக்கு எதிராக நின்றன. அவையும் இலாபத்துக்காக நடப்பவைதாம். நாளை அவற்றின் மருந்து தரக்குறைவு என்று ஒரு புகார் எழுந்தால், அவற்றிடம் பணம் பெற்ற சங்கமும் அதே இக்கட்டில் மாட்டும். செஞ்சோற்றுக் கடனுக்குச் சுதேசி, விதேசி என்ற வேற்றுமை கிடையாது.

பணம் எதிர்த்திசையில் போனாலும் கடன் உண்டாகும் என்பதற்கு வேறொரு வரலாறு சான்று. நுரையீரலில் கெட்டியான சளி அடைத்து இளமையிலேயே உயிரைக் கொள்ளும் ஒரு பரம்பரை நோய் உண்டு. அமெரிக்காவில் அந்நோயுற்ற குழந்தைகளின் பெற்றோர் 1955-இல் ஓர் அறக்கட்டளை அமைத்தனர். அவ்வறக்கட்டளை கம்பெனியிடம் பணம் வாங்குவதற்கு மாறாக, மருந்து காணும்படி ஒரு கம்பெனிக்குத் தானே பணம் கொடுத்தது. மருந்தும் கிடைத்தது, 2012-இல் விற்பனைக்கு வந்தது. அதன் விலை ஆண்டுக்கு ஏறத்தாழ 3 லட்சம் டாலர். விற்பனையில் தனக்கு உரிய பங்கை 2014-இல் அறக்கட்டளை 330 கோடி டாலருக்கு விற்றது. அப்பணம் மேலும் ஆராய்ச்சிக்கே போயிற்று என்றாலும், விலை மிகுதி என்று முறையிட்ட பெற்றோர்க்காகப் பேச வேண்டிய சபையே, விலை உயர உயரப் பயன் பெறும் இடத்தில் நின்றிருந்தது. நல்ல நோக்கத்தோடு தொடங்கியவர்களே அங்கு வந்து சேர்ந்தனர் என்பதை எண்ணும்போது, மனிதரின் நல்லெண்ணத்தை மட்டும் நம்பி இவ்விஷயத்தை விட்டுவிட முடியாது என்று தோன்றுகிறது.

ஆகவேதான் விதிகள் பிறந்தன. 2007-இல் ஐரோப்பிய மருந்துக் கம்பெனிகளின் கூட்டமைப்பு, நோயாளர் சங்கங்களுக்குக் கொடுக்கும் உதவியை எழுத்து மூலமான உடன்படிக்கையோடு கொடுக்க வேண்டும், அப்பட்டியலை வெளியிட வேண்டும் என்று தன் உறுப்பினர்களுக்கு விதித்தது. அமெரிக்காவில் 2010-இல் வந்த சட்டம், மருத்துவர்களுக்கும் போதனா மருத்துவமனைகளுக்கும் கம்பெனிகள் கொடுக்கும் பணத்தை வெளியிடச் செய்தது. நோயாளர் சங்கங்கள் அதில் சேர்க்கப்படவில்லை. நம் நாட்டில் மத்திய அரசு 2024 மார்ச்சில் மருந்து விற்பனை முறைகளுக்கான ஒரு நெறித்தொகுப்பை வெளியிட்டது. அதன் பெரும்பகுதி மருத்துவருக்குத் தரப்படும் பரிசும் பயண வசதியும் பற்றியது.

பட்டியலை வெளியிடுவது நல்லதே. ஆனால் அது தொடக்கமே ஒழிய முடிவன்று. கர்ணன் யார் வீட்டுச் சோற்றை உண்டான் என்பது அஸ்தினாபுரத்தில் எல்லோருக்கும் தெரிந்துதான் இருந்தது. தெரிந்ததனால் அவன் கடன் தீர்ந்துவிடவில்லை. எனவே, கணக்கைக் காட்டுவதோடு வேறு சில கட்டுப்பாடுகளும் வேண்டும். ஒரே கம்பெனியின் பணம், அது நின்றால் சங்கமே நின்றுவிடும் என்ற அளவுக்கு வளரலாகாது. நிர்வாக சபையில் கம்பெனியின் ஆட்கள் அமரலாகாது. மருந்தின் விலை, அதன் தீங்கு, அதற்கு மாற்று ஆகியவற்றைப் பற்றிச் சங்கம் என்ன சொல்லும் என்பதைத் தீர்மானிப்போர், பணம் கேட்டுப் போவோராக இருத்தல் ஆகாது. இவை முடியாத காரியங்கள் அல்ல.

சிறு காசுகளால் பெருங்காரியம் நடக்குமா என்று ஐயுறுவோர் தொலைதூரம் போக வேண்டியதில்லை. கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் 1999-ஆம் ஆண்டு முதல், தீராத நோயாளிகளை வீடு தேடிச் சென்று பேணும் அக்கம்பக்கத்தார் குழுக்கள் உருவாயின. கடைக்காரரும் ஆசிரியரும் கூலியாட்களும் மாணவரும் தொண்டர்களாகச் சேர்ந்தனர். செலவின் பெரும்பங்கு ஊரார் கொடுக்கும் சிறு நன்கொடைகளாலேயே நடந்தது. டைம் நாணயங்களை எண்ணிய வெள்ளை மாளிகைக்கும் மலப்புறத்துக் கடைத்தெரு உண்டியலுக்கும் தொலைவு மிகுதிதான். இரண்டு இடத்திலும் கொடுத்தவர் கைம்மாறு கேட்கவில்லை. பெற்றவர் யாருக்கும் அஞ்ச வேண்டியிருக்கவில்லை.

நேயர்களில் பலருடைய வீட்டிலும் நெடுநோயாளி ஒருவர் இருப்பார். ஏதேனும் ஒரு சங்கத்தின் உதவியும் இருக்கும். உதவியைத் தள்ள வேண்டா. ஆனால் ஆண்டுக் கூட்டத்தில் மூன்று கேள்விகளைப் பணிவோடு கேளுங்கள். சென்ற ஆண்டு சங்கத்துக்குப் பணம் கொடுத்தவர் யார், யார்? அதில் மருந்து விற்போரின் பங்கு எவ்வளவு? கொடுத்தவருக்குப் பிடிக்காத எதையேனும் சங்கம் இதுவரை பகிரங்கமாகச் சொல்லியிருக்கிறதா? முதல் இரண்டு கேள்விகளுக்குக் கணக்குப் புத்தகம் விடை சொல்லும். மூன்றாவதற்குத் தலைவர் எழுந்துதான் விடை சொல்ல வேண்டும்.

அத்தைக்கு அன்று சொல்லாமல் விட்டதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். கொடுக்கிற கைக்கு நன்றி சொல்ல வேண்டியது நோயாளியின் கடமையாக இருக்கலாம். அந்தக் கடமையிலிருந்து விலகி நின்று விலையைக் கேட்பதற்கென்றுதான் சங்கம் என்று ஒன்றை வைத்திருக்கிறோம். அந்த இளைஞர் கேட்டதை அத்தை கேட்டிருக்க வேண்டியதில்லை; மேடையில் இருந்த தலைவர் கேட்டிருக்க வேண்டும்.